டீ குடித்த பென்ஸ்

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீல நிறப் பை இருந்தது. ஜிப் பாதி மூடியிருந்தது. உள்ளே அத்தாவின் இரண்டு கைலி, ஒரு ஸ்வெட்டர், ஒரு சோப்பு டப்பா.

நிதாவுக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகவில்லை. வீட்டுக்குள் வரும்போது அதை ஓர் உதை உதைப்பாள். வெளியே போகும்போது இன்னோர் உதை.

"அது உன்னைய என்ன பண்ணுச்சு?" என்றார் அம்மா நஜ்முன்னிசா. தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வழியில கிடக்குது."

"வழியில எங்க கிடக்குது? ஓரமாத்தான் இருக்குது. நீதான் தேடிப் போயி உதைக்கறே."

நிதாவுக்குப் பதினொரு வயது. ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பை வந்த பிறகு இரண்டு காலும் ஆடின.

அந்த வருடம் தேயிலைக்கு விலையே இல்லை. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல், சிலர் மூட்டையோடு ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். குன்னூரில் பல வீடுகளில் பூட்டுத் தொங்கியது. அங்கே இருந்தவர்கள் திருப்பூரில் பனியன் தைக்கப் போய்விட்டார்கள்.

நிதாவின் அத்தா மொய்னுதீன் ஓர் எஸ்டேட் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி பங்களாவைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். போகும்போது ஷெட்டில் நின்ற பழைய பென்ஸ் காரைக் காட்டினார்.

"இதை யாரும் வாங்க மாட்டேங்கறாங்க, மொய்னுதீன். நீயே வெச்சுக்க" என்று சாவியையும் பேப்பரையும் கையில் கொடுத்துவிட்டார்.

அத்தா ஒரு முடிவு செய்தார். பென்ஸைக் கல்யாணக் காராக ஓட்டுவது. முதல் கல்யாணம் நன்றாக நடந்தால், பார்த்தவர்கள் அடுத்ததற்குக் கூப்பிடுவார்கள். நடக்காவிட்டால், திங்கட்கிழமை திருப்பூர் பஸ்.

பை அதற்காகத்தான்.

முதல் கல்யாணமும் அமைந்தது. மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஆறுச்சாமி, தன் மகள் காயத்ரியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் பென்ஸைப் பார்க்க வந்தார்.

அவர் எந்தப் பொருளையும் விரலை மடக்கித் தட்டித்தான் பார்ப்பார். அண்டாவைத் தட்டித் தட்டி வந்த பழக்கம். பென்ஸின் மூக்கில் தட்டினார். கதவில் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் கெட்டியாத்தான் இருக்குதுங்க பாய். பாக்கத்தான் சகிக்கல."

யாரும் மறுக்கவில்லை. முன் பம்பர் முழுக்கத் துருப்புள்ளி. கதவில் எஸ்டேட் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து தொங்கியது. உள்ளே மேல்கூரைத் துணி வௌவால் மாதிரித் தொங்கி, உட்காருகிறவர் தலையைத் தடவியது. எல்லாவற்றையும் விட மோசம் சீட். முதலாளியின் பெரிய நாய் பல வருடமாகப் பின்சீட்டில்தான் பயணம் செய்தது. வெளிர் மஞ்சள் துணி உறை மேல் அதன் பாதங்கள் பழுப்பாகப் பதிந்து கிடந்தன. பாதம் படாத இடத்தில் பூஞ்சை.

"மாப்ள இதுல உக்காந்தாருன்னா நாய் மேல உக்காந்த மாதிரி இருக்கும்" என்றார் ஆறுச்சாமி.

"சரி பண்ணிரலாமுங்கண்ணா" என்றார் அத்தா.

"ஞாயித்துக்கெழமை கல்யாணம். சனிக்கெழமை மத்தியானம் வர்றேன். பளிச்சுன்னு இருந்தா இந்த வண்டி. இல்லீன்னா கோயமுத்தூர்ல இருந்து வேற வண்டி வரச்சொல்லிப் போடுவேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அவர் போனதும் அத்தா காரைச் சுற்றி நடந்தார். நிதாவும் பின்னால் நடந்தாள். மூன்று சுற்று முடிந்தது. நடந்தால் கார் அழகாகிவிடாது என்று இருவருக்கும் தெரியும்.

"மெக்கானிக் கடையில விட்டா?" என்றாள் நிதா.

"விடலாம். திரும்ப எடுக்க முடியாது."

"அப்ப நாமளே பண்ணலாம்."

"என்ன தெரியும் உனக்கு?"

"ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு?"

அத்தா யோசித்தார். "ஓட்டத் தெரியும்" என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டு லெஸ்லியும் வந்து சேர்ந்தான். நிதாவின் வகுப்புத்தான். அவனுடைய அப்பா கொர்னேலியஸ் மேல்ரோட்டில் உள்ள டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தார். லெஸ்லி உதவி செய்ய வரவில்லை. பார்க்கத்தான் வந்தான். ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தான்.

ஸ்டிக்கர் ஈரத்துணிக்கு அசையவில்லை. அம்மா நீலகிரித் தைல பாட்டிலை எடுத்து வந்தார். சளிக்கும் தைலம், முட்டிவலிக்கும் தைலம், எறும்புக்கும் தைலம் என்று இருக்கும் ஊரில் ஸ்டிக்கருக்கு மட்டும் வேறு மருந்தா? தைலம் பட்டதும் பசை இளகிவிட்டது. எஸ்டேட் பெயர் அப்படியே உரிந்து நிதாவின் கையில் ஒட்டிக்கொண்டது. கையை உதறினாள். லெஸ்லியின் முழங்காலில் போய் ஒட்டியது.

"இப்ப நீதான் எஸ்டேட்டு" என்றாள்.

பம்பர்தான் படுத்தியது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் துரு போகவில்லை. மணல் போட்டால் கீறும் என்றார் அத்தா. நிதா எரிச்சலில் லெஸ்லி உட்கார்ந்திருந்த பெட்டியை உதைத்தாள். பெட்டியின் பலகை விட்டுப்போய், உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாள் எட்டிப் பார்த்தது. தேயிலையில் ஈரம் ஏறாமலிருக்க ஒட்டும் தாள்.

அவள் அதில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டினாள். தண்ணீரில் நனைத்துப் பம்பரில் தேய்த்தாள். கறுப்பாகச் சேறு மாதிரி வந்தது. துடைத்தாள்.

பம்பரில் அவளுடைய மூக்கு தெரிந்தது. பெரிதாக, வளைந்து.

"டேய் லெஸ்லி! எந்திரி! பெட்டி வேணும்!"

"நான் எங்க உக்கார்றது?"

"உக்காராத!"

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வருவதற்குள் அம்மா மேல்கூரைத் துணியை இழுத்துப் பிடித்து, தையல் தெரியாமல் தைத்துவிட்டார். அத்தா டயர்களுக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டிருந்தார். உள்ளே மரப்பலகையில் தேங்காயெண்ணெய் மின்னியது. கார் உள்ளேயும் வெளியேயும் வேறு காராக நின்றது.

சீட் மட்டும் நாயினுடையதாகவே இருந்தது.

அம்மா உறைகளைக் கழற்றி இரண்டு முறை துவைத்திருந்தார். பூஞ்சை போய்விட்டது. பாதங்கள் போகவில்லை.

"புதுத்துணி எடுத்துத் தெச்சுரலாமா?" என்றார் அத்தா.

அம்மா காலி மணிபர்ஸைக் கவிழ்த்துக் காட்டினார். அதுவே பதில்.

நிதா கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பழுப்புக் கறை. டீ கொட்டின மாதிரிப் பழுப்பு. டீ.

நின்றாள்.

"அம்மா! கறை போகலைன்னா, மிச்சத்தையும் கறையாக்கிட்டா?"

"என்னடி உளர்றே?"

"டீயில முக்கிட்டா? முழுசும் ஒரே கலர் ஆயிரும். நாய் எங்க இருக்குன்னே தெரியாது."

அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார். பிறகு பிரியாணி அண்டாவைத் தேடிப் போனார்.

டீத்தூளுக்குப் பஞ்சமில்லை. விற்காமல் கிடந்த மட்டத்தூளை ஃபேக்டரியில் வேலை செய்பவர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்திருந்தார்கள். லெஸ்லி வீட்டில் ஒரு மூட்டை, கட்டிலுக்குக் கீழே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தான். கல்லடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. வாளித் தூள் முழுவதும் அதில் போனது.

தெருவில் போனவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க, ஊருக்கே டீயா?"

"ஆமா. டம்ளர் எடுத்துட்டு வாங்க" என்றான் லெஸ்லி.

உறைகள் டீயில் மூழ்கின. அம்மா கம்பால் புரட்டினார். வெளியே எடுத்தபோது பால் ஊற்றாத டீயின் நிறம், ஒரே சீராக இருந்தது. பாதங்கள் எங்கோ போய்விட்டன.

"அலசணுமா?" என்றாள் நிதா.

"அலசுனா நெறம் போயிரும்" என்றார் அம்மா.

அங்கேதான் தப்பு நடந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மாதம். குன்னூரில் ஐப்பசியில் கைக்குட்டை காயவே மூன்று நாள் ஆகும். உறைகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டார்கள். சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. அம்மா அவற்றைச் சீட்டில் மாட்டி முடிச்சுப் போட்டார்.

பள்ளிக்குப் புறப்பட்ட நிதா நேராகப் பின்சீட்டில் ஏறினாள். சாய்ந்தாள். அந்தப் பக்கம் நகர்ந்தாள். இந்தப் பக்கம் நகர்ந்தாள். முதலாளி மாதிரிக் காலை நீட்டினாள்.

"இறங்குடி! பள்ளிக்கூடம் போகல?"

இறங்கினாள். குளிரடித்தது. சட்டை மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. கடைசிப் பாடவேளை விளையாட்டு. கயிறு தாண்டித் தாண்டி வியர்த்ததும் நிதா ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டினாள்.

பின்னால் நின்ற லெஸ்லி விரலை நீட்டினான்.

"நிதா. உன் முதுகுல யாரு டீ ஊத்துனா?"

"என்னது?"

அவள் முதுகைப் பார்க்கத் திரும்பினாள். முதுகும் திரும்பியது. வாலைப் பிடிக்கப் போகும் நாய் மாதிரி நாலு சுற்றுச் சுற்றினாள். கடைசியில் சட்டையை முன்னால் இழுத்துப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை முதுகு முழுக்கப் பழுப்பு. பாவாடை கருநீலம் என்பதால் அதில் தெரியவில்லை.

"காயவே இல்ல" என்றாள். "வெளிய காஞ்சிருக்கு. உள்ள காயல."

"பரவால்ல விடு. தொவைச்சா..."

"டேய்! ஆறுச்சாமி மாமா மத்தியானம் வர்றாரு. வேட்டி கட்டிட்டு!"

மணி அடித்தது. இருவரும் ஓடினார்கள்.

தெருமுனை திரும்பும்போதே தெரிந்தது. பென்ஸின் பின்கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் ஆறுச்சாமி. கல்யாண வீட்டுக்காரர் என்று தெரிகிற மாதிரி மொடமொடப்பான வெள்ளை வேட்டி.

"அடேயப்பா!" என்று பம்பரைத் தட்டினார். "மூஞ்சி தெரியுதுங்களே! பாய், நீங்க எங்கடைக்கு வந்துருங்க. அண்டா குண்டா எல்லாம் உங்ககிட்டக் குடுத்துடறேன்."

அத்தா சிரித்தார். நிதா அவர் சிரித்துப் பார்த்துப் பல நாளாகிவிட்டது.

"சீட்டும் புதுசு போட்டுட்டீங்களா? எங்க, உக்காந்து பாப்போம்."

அவர் வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

நிதா காரருகே வந்துவிட்டாள். சொன்னால் சவாரி போய்விடும். அத்தாவும் போய்விடுவார். சொல்லாவிட்டால்? இப்போது இவருடைய வேட்டி. நாளைக்கு மாப்பிள்ளை வேட்டி. அத்தனை பேர் முன்னால், மேளம் அடிக்கிற நேரத்தில்.

"உக்காராதீங்க!"

மொத்தத் தெருவும் திரும்பிப் பார்த்தது. ஆறுச்சாமி பாதி குனிந்தபடியே நின்றார்.

"ஏங்கண்ணு? உள்ள தேளா?"

நிதாவுக்கு மூச்சு வாங்கியது. அப்படியே திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

ஆறுச்சாமி மெல்ல நிமிர்ந்தார். கையை நீட்டிச் சீட்டை அழுத்தினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனார்.

"டீயாட்ட இருக்குது."

"டீதானுங்க" என்றாள் நிதா. "நாய்க்கறை போகல. அதனால டீயில முக்கினோம். என்னோட யோசனைதான். காஞ்சிருச்சுன்னு நெனைச்சோம்."

அத்தாவின் சிரிப்பு போய்விட்டது. அவர் காரைப் பார்க்கவில்லை. வீட்டுக் கதவைப் பார்த்தார். அங்கே பையின் ஓரம் தெரிந்தது.

"நான் கோயமுத்தூருக்கு ஃபோன் போட்டுடறேனுங்க பாய்" என்றார் ஆறுச்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மாமா" என்றாள் நிதா. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே நின்றாள். "வெளக்கு வெக்கறதுக்குள்ள. அப்பவும் ஒட்டுச்சுன்னா நீங்க ஃபோன் போட்டுக்குங்க."

"இந்த மழைக்காலத்துல எங்க கண்ணு காய வெப்பே?"

"தெரியல. ஆனா வெப்பேன்."

ஆறுச்சாமி தன் வேட்டியைப் பார்த்தார். அது வெள்ளையாகவே இருந்தது. "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, இந்நேரம் என்னையப் பாத்து மார்க்கெட்டே சிரிச்சிருக்கும்" என்றார். "சரி. வெளக்கு வெக்கறதுக்குள்ள. அதுக்கு மேல ஒரு நிமிசம் இல்ல."

அவர் போனதும் யாரும் யாரையும் திட்டவில்லை. நேரமில்லை. அம்மா முடிச்சுகளை அவிழ்த்து உறைகளைத் தொட்டியில் போட்டார். புதுச் சிவப்புச் சேலையை முதல் தடவை அலசும்போது போடுவது போல இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார்.

"ஏறி மிதிங்க" என்றார்.

நிதாவும் லெஸ்லியும் தொட்டிக்குள் ஏறிக் குதித்தார்கள். நிதாவுக்கு இப்படிப்பட்ட வேலையைப் பிறந்ததிலிருந்து யாரும் கொடுத்ததில்லை. முதல் தண்ணீர் டீக்கடை டீ மாதிரி ஓடியது. அடுத்தது ஆஸ்பத்திரி டீ மாதிரி. அதற்கடுத்தது லெஸ்லி வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கிற டீ மாதிரி என்றாள் நிதா.

"ஏய், எங்கம்மா கேட்டா உதைப்பாங்க."

கடைசியில் தெளிந்த தண்ணீர் ஓடியது. உறைகள் இப்போது தேன் நிறத்தில் இருந்தன. நிறம் போய்விடவில்லை. போக வேண்டிய நிறம் மட்டும்தான் போயிருந்தது. நாயின் பாதங்களும் திரும்பி வரவில்லை. ஒன்று மட்டும் நடுவில் லேசாகத் தெரிந்தது. மாப்பிள்ளை அதன் மேல்தான் உட்காருவார் என்பதால் விட்டுவிட்டார்கள்.

இனிக் காய வேண்டும். வானம் கூரைக்கு மேலேயே தொங்கியது. மழை பிடிக்கப் போகிறது.

"அடுப்புக்கு மேல போட்டா?" என்றார் அத்தா.

"நேத்துப் போட்டோமே" என்றார் அம்மா.

நிதா தொட்டியைச் சுற்றி நடந்தாள். இந்த ஊரில் ஈரமான பொருளைக் காய வைக்கவே ஓர் இடம் இருக்கிறதா? இருக்கிறது. வீடு வரைக்கும் அதன் இரைச்சல் கேட்கிறது.

"லெஸ்லி! ஃபேக்டரியில இலையை எப்படிடா வாட வெப்பாங்க? மழை பேஞ்சா?"

"மாடியில நீளத் தொட்டி இருக்குல்ல. அதுல பரப்புவாங்க. அடியில இருந்து ஃபேன் சூடாக் காத்தடிக்கும்." சொல்லும்போதே அவன் வாய் பிளந்தது. "ஆனா எங்கப்பா விடமாட்டாரு. நான் ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் உரிச்சேன்னு கீழ வரைக்கும் துரத்துனாரு."

"ஏன்?"

"இலை வாசத்தையெல்லாம் குடிச்சிரும். சோப்பு வாசம், மீன் வாசம், பூண்டு வாசம், எதுவும் மேல போகக்கூடாது."

அப்போது அம்மா உறைகளின் மேல் வாசத்துக்காக நாலு சொட்டுத் தைலம் விட பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நிதா பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"வேணாம்மா! ஒரு சொட்டுக்கூட விடாதீங்க!"

பென்ஸ் மேல்ரோட்டில் ஏறியது. ஈர உறைகள் டிக்கியில் இருந்தன. ஃபேக்டரி அன்றைக்கு ஓடியது. வாரத்தில் பாதி நாள்தான் ஓடும்.

கொர்னேலியஸ் படியிலேயே மறித்தார். ஒல்லியான, உயரமான மனிதர். இரண்டு கையையும் விரித்தால் படி முழுவதும் அடைந்துவிடும். விரித்தார்.

"என்ன பாய், துணி மூட்டையோட? இது ஃபேக்டரியா, வண்ணாந்துறையா?"

அத்தா விஷயத்தைச் சொன்னார். கொர்னேலியஸ் தலையை ஆட்டினார். ஆனால் கையை மடக்கவில்லை.

"உங்களுக்குச் செய்யக்கூடாதுன்னு இல்ல. மேல இலை கிடக்கு. சோப்பு வாசம் ஏறிச்சுன்னா மொத்தமும் போச்சு. இருக்கற வெலைக்கு அதுவும் போச்சுன்னா நாங்களும் உங்களோட திருப்பூர் பஸ்ல ஏற வேண்டியதுதான்."

நிதா ஓர் உறையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சோப்பே போடல மாமா. மோந்து பாருங்க."

அவர் நம்பாமல் குனிந்தார். மோந்தார். இன்னொரு முறை மோந்தார். வாசம் பிடிப்பதில் அவர் விளையாட மாட்டார்.

"டீ" என்றார்.

"டீ பக்கத்துல டீ இருந்தா தப்பா மாமா?"

கொர்னேலியஸ் உறையையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு ஃபேக்டரியில் சட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை. மெல்லக் கைகளை மடக்கினார்.

"கடைசித் தொட்டி காலியாத்தான் கிடக்கு" என்றார். "முன்னெல்லாம் இலை போட எடம் பத்தாது. இப்ப சீட் கவர் போடலாம். ஏறுங்க."

மாடி நீளமாக இருந்தது. பச்சை இலை வாசம் மூக்கை நிறைத்தது. கடைசித் தொட்டியின் வலைமேல் உறைகளை விரித்தார்கள். ஃபேன் உறுமியது. அடியிலிருந்து சூடான காற்று எழும்பி, உறைகள் அப்பம் மாதிரி உப்பின.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நிதா உறைகளைத் திருப்பிப் போட்டாள். நடந்தாள். மறுபடியும் திருப்பினாள்.

"ஒரு எடத்துல நில்லு புள்ள. எனக்குத் தலை சுத்துது" என்றார் கொர்னேலியஸ்.

"முடியல மாமா."

அவரும் ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார்.

உறைகளைச் சீட்டில் மாட்டி முடித்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நிதா வீட்டுக்குள் ஓடித் தன் இன்னொரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். அவளிடம் இருந்ததே இரண்டு.

"அது திங்கக்கெழமைக்கு!" என்றார் அம்மா.

"ஒட்டாதும்மா."

"ஒட்டுச்சுன்னா?"

"ஒட்டுச்சுன்னா திங்கக்கெழமை எதுவும் நல்லா இருக்காது."

தெருமுனையில் குடை தெரிந்தது. ஆறுச்சாமி. நிதா பின்சீட்டில் ஏறினாள்.

"அசையாம உக்காரு" என்று பழக்கத்தில் சொன்னார் அத்தா.

"அத்தா! அசையணும்! அதுக்குத்தான் உக்கார்றேன்!"

அசைந்தாள். இத்தனை நாள் அசையாதே அசையாதே என்று அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அசைந்தாள். முதுகைத் தேய்த்தாள். குதித்தாள். புரண்டாள். பென்ஸ் படகு மாதிரி ஆடியது. ஆறுச்சாமி குடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

நிதா இறங்கித் திரும்பி நின்றாள். தனக்குத் தெரியாத தன் முதுகைப் பற்றி மற்றவர்கள் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.



"சொல்லுங்களேன்!" என்று கத்தினாள்.

"பால் மாதிரி இருக்கு" என்றான் லெஸ்லி.

ஆறுச்சாமி விரலை மடக்கிச் சீட்டைத் தட்டினார். சீட்டில் சத்தம் வராது. ஆனாலும் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"காலையில வெள்ளென வந்துருங்க பாய்" என்றார். "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பென்ஸ் சாமந்தி மாலையோடு மண்டப வாசலில் வந்து நின்றது. மேளம் அடித்தது. கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினார். எல்லாரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். நிதா மட்டும் சுற்றிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்றாள்.

வேட்டி வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

அவள் மூச்சு விட்டாள். திரும்பினாள். அங்கே ஆறுச்சாமி நின்றார். அவரும் மாப்பிள்ளையோடு காரில்தான் வந்திருந்தார். அவருடைய வேட்டியில், முழங்காலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு.

நிதாவின் கால்கள் நின்றுவிட்டன.

"மாமா..."

"என்ன கண்ணு?" குனிந்து பார்த்தார். "அடச்சே, இதுவா? உங்க வண்டி மேல பழி போட்றாத. மாப்ள ஊட்டுல டம்ளர்ல டீ குடுத்தாங்க. மேளக்காரன் காதுக்குப் பக்கத்துல அடிச்சான். கை தட்டிக் கொட்டிருச்சு."

நிதா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. ஆறுச்சாமி துண்டை மடித்து வேட்டி மேல் தொங்கவிட்டுக் கறையை மறைத்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிப்போடாத" என்றார்.

மணப்பெண் காயத்ரி ஊர்வலம் போக ஏறியபோது பட்டுச்சேலையைச் சீட்டில் பரப்பி உட்கார்ந்தாள். "நல்ல வாசமா இருக்குதே, என்ன சென்ட்டு?" என்று கேட்டாள். அத்தா கண்ணாடி வழியாக நிதாவைப் பார்த்தார். நிதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் இரண்டு பேர் அத்தாவிடம் தேதி கேட்டுவிட்டார்கள். ஒருவர் அருவங்காட்டிலிருந்து வந்தவர். இன்னொருவர் காரைத் தட்டிப் பார்த்தார். ஆறுச்சாமியின் தம்பியாம்.

திங்கட்கிழமை காலை திருப்பூர் பஸ் வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அத்தா வாசலில் பென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நிதா பால் மாதிரிச் சட்டையில் பள்ளிக்குப் புறப்பட்டாள். கதவுக்குப் பக்கத்தில் நீலப் பை இன்னும் இருந்தது. உதைக்கக் காலைத் தூக்கினாள்.

"ஏய், ஏய்!" என்றார் அம்மா. "அதுல இப்ப வண்டிச் சாமான் இருக்குது. வெள்ளித்தாளு, பாலிஷு, துணி. பாலிஷ் டப்பா மூடி வேற சரியா நிக்காது."

நிதா தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். தூக்கிய காலை மெல்ல, மிக மெல்ல, கீழே வைத்தாள்.